செல்ப்ரொபைலருக்குள்ள படம் ஏத்துறது எப்புடி: முதல் தரம் தொடுற ஆக்களுக்கு

செல்ப்ரொபைலர் எண்டது மைக்ரோஸ்கோப் படத்தில இருக்கிற செல்ல எண்ணி அளக்கிற ஒரு சொப்ட்வெயார். அத ஓபன் பண்ணினதும் இடப்பக்கம் மேல இமேஜஸ், மெட்டாடேட்டா, நேம்ஸ் அண்ட் டைப்ஸ், குரூப்ஸ் எண்டு நாலு பேர் ஒண்டுக்குக் கீழ ஒண்டா கிடக்கும். அந்த நாலையும் தாண்டினாத்தான் செல் எண்ணுற வேலையே தொடங்கும், ஆனா புதுசா வாற புள்ளயள் கூடுதலா மாட்டுப்படுறதும் இந்த நாலுக்குள்ளதான். எண்ணுற மொடியூல்ல, அதாவது சொப்ட்வெயார்ல அந்த ஒரு வேலைக்குரிய பகுதியில, பிழை விட்டா படத்துக்கு மேல கோடு கோணலா விழும், கண்ணுக்குத் தெரியும், திருத்தலாம். படம் ஏத்துறதில பிழை விட்டா ஒண்டும் தெரியா, அது பாட்டுக்கு ஓடி முடிஞ்சு அழகா ஒரு ஷீட்டும் தந்திரும், அதில இருக்கிற நம்பர் பிழையா இருக்கும். அதால இதில நான் ஏத்துறத மட்டும்தான் சொல்லித் தாறன், எண்ணுறது வேற கதை.

வந்தாறுமூலையிலயோ சம்மாந்துறையிலயோ கடைசி வருசம் ரிசேர்ச் செய்யிற புள்ளயள், மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால இருந்து கவுன்டர அமத்தி அமத்திக் கை நொந்துபோன ஆக்கள், இவங்களுக்குத்தான் இத எழுதுறன். காசு ஒண்டும் கட்டத் தேவல்ல, சோர்ஸ் கோடும் திறந்து கிடக்கு. அமெரிக்காவில ஆன் கார்ப்பென்டர், தூயிஸ் ஜோன்ஸ் எண்ட ரெண்டு பேர் தொடங்கின வேல இது, 2006இல ஜீனோம் பயோலொஜி ஜேர்னல்ல பேப்பர் வந்திச்சு, இப்ப புரோட் இன்ஸ்டிடியூட் டீம் பாத்துக்குது. முதல்ல மெட்லப்பில எழுதி மறுகா பைத்தனுக்கு மாத்தினது. நான் இஞ்ச சொல்றது 4ஆம் பதிப்ப வச்சு.

சொப்ட்வெயார தொட முதல் போல்டர ஒழுங்குபடுத்துங்க. இதுக்கு ஒரு மணித்தியாலம் போனாலும் பரவால்ல. பென் டிரைவுக்குள்ள இருந்தபடியே படத்த ஏத்தாதீங்க, முதல்ல லெப்டொப்புக்குக் கொப்பி பண்ணுங்க. ஏனெண்டா இந்த சொப்ட்வெயார் படத்த தனக்குள்ள வாங்கி வச்சுக்கொள்றதில்ல, படம் எந்த டிரைவில எந்த போல்டர்ல கிடக்கு எண்ட விலாசத்த மட்டும்தான் ஞாபகம் வச்சிருக்கும். இண்டைக்கு ஈ டிரைவா இருந்த பென் டிரைவ் நாளைக்கு எஃப் டிரைவா வந்து நிண்டா விலாசம் பிழைச்சிரும், ஒரு படமும் கிடைக்கல்ல எண்டு சொல்லும். கொப்பி பண்ணுறதுக்கு எவ்வளவு இடம் வேணும் எண்டும் ஒரு கணக்குப் பாருங்க, 2048க்கு 2048 பிக்சல் 16 பிட் படம் ஒண்டு கிட்டத்தட்ட 8 எம்பி, 40 இடத்தில மூண்டு செனல் (ஒரே இடத்த ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியா எடுக்கிற படம்) எடுத்தா 120 படம், சுமாரா ஒரு ஜீபி. டேட்டா கார்ட்டில அனுப்புறதெண்டா யோசிச்சுத்தான் அனுப்பவேணும், டவுனுக்குள்ள வேலையா போறக்க பென் டிரைவில குடுத்து விடுறது லேசு.

அனுப்புறதப் பத்திச் சொல்லக்க வாட்ஸப் விசயத்தையும் சொல்லியே ஆகவேணும். போன மாசம் களுவாஞ்சிக்குடியில இருந்து ஒரு தங்கச்சி லெப்டொப்பத் தூக்கிக்கொண்டு கல்லடிக்கு வந்தா, வெங்காய வேர் நுனியில செல் பிரியிறத எண்ணுற ரிசேர்ச், மைக்ரோஸ்கோப் கண்ணாடியில போன வச்சு எடுத்த படங்கள். போன்ல பாத்தா நல்ல தெளிவு, லெப்டொப்பில பாத்தா குரோமோசோம் எல்லாம் கரைஞ்சு போன மாதிரிக் கிடக்கு. படத்த பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாத்தம், செல்ட ஓரத்தில சின்னச் சின்னச் சதுரம் தெரியிது, தாள்ல கட்டம் போட்ட மாதிரி. அது ஜேபெக் வேல, ஜேபெக் படத்த 8க்கு 8 பிக்சல் கட்டமா வெட்டித்தான் அமுக்கும். போன்ல 4000 பிக்சல் அகலமா இருந்த படம் அவட லெப்டொப்பில 1600தான் இருந்திச்சு, ஏனெண்டா வாட்ஸப்பில போட்டோவா அனுப்பி எடுத்திருக்கிறா. வாட்ஸப்பில அனுப்புறதெண்டா டொக்கியுமென்ட் எண்டு அனுப்பவேணும், அப்பத்தான் உள்ளத உள்ளபடி போகும். நல்லதெண்டா கேபிள்ல எடுக்கிறதுதான். மைக்ரோஸ்கோப்பில கெமரா பூட்டியிருந்தா சேவ் பண்ணக்க ஜேபெக்க விட்டுட்டு டிஃப் எண்டு தெரிவு செய்யுங்க, பிஎன்ஜியும் பரவால்ல. ஜேபெக்கா எடுத்தத பொறகு டிஃப்பா மாத்தினா போனது திரும்பி வராது, அந்தச் சதுரம் எல்லாம் அப்புடியேதான் இருக்கும்.

இப்ப பேர். போல்டர் பேரும் பைல் பேரும் இங்கிலீஷ் எழுத்தில, இடைவெளி விடாம, இடைவெளி வாற இடத்தில அண்டர்ஸ்கோர் போட்டு வையுங்க. தமிழ்ல பேர் வச்சா என்ன எண்டு கேப்பீங்க, எனக்கும் தமிழ்ல வைக்கத்தான் விருப்பம், ஆனா இந்த மாதிரி சொப்ட்வெயார் உள்ளுக்க நாலஞ்சு வேற புரோகிராம்களக் கூப்பிட்டு வேல வாங்குது, அதில ஒண்டுக்குத் தமிழ் எழுத்து விளங்கல்லண்டா முழுதும் நிண்டிரும், அந்த வில்லங்கம் வேணாம். பேருக்குள்ள நாலு விசயம் வரவேணும்: என்ன சாம்பிள், எத்தினையாவது ஸ்லைட், ஸ்லைட்டில எத்தினையாவது இடம், என்ன செனல். வெங்காயம் அண்டர்ஸ்கோர் எஸ்01 அண்டர்ஸ்கோர் எஃப்03 அண்டர்ஸ்கோர் நீலம், இந்த மாதிரி, இங்கிலீஷ் எழுத்தில. இலக்கத்துக்கு முன்னால பூச்சியம் போட மறக்காதீங்க, 1, 2, 3 எண்டு வச்சா சில இடத்தில 1க்குப் பொறகு 10, 11 வந்து மறுகாதான் 2 வரும், வரிசை குழம்பிரும். 01, 02 எண்டு வச்சா அந்தப் பிரச்சின இல்ல. எல்லா பைலுக்கும் ஒரே மாதிரி, ஒரே ஒழுங்கு. ஒண்டில நீலத்த சின்ன எழுத்திலயும் மத்ததில பெரிய எழுத்திலயும் எழுதினா சொப்ட்வெயாருக்கு அது ரெண்டு வேற சொல்லு.

விண்டோஸில பைல் பேர்ட கடைசித் துண்ட மறைச்சுத்தான் வச்சிருக்கும், போல்டர்ல வியூ எண்டதுக்குள்ள போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் எண்டத டிக் பண்ணி விடுங்க, அப்பத்தான் எது டிஃப் எது ஜேபெக் எண்டு தெரியும். சிப் பண்ணி வந்த போல்டர் எண்டா பிரிச்சுப் போட்டுட்டு வாங்க.

கையில சொந்தப் படம் இல்லாத ஆக்கள் செல்ப்ரொபைலர் வெப்சைட்டில எக்ஸாம்பிள்ஸ் பக்கத்துக்குப் போனா எக்ஸாம்பிள் ஹியூமன் எண்டு ஒண்டு கிடக்கும், எச்டீ29 எண்ட மனுச குடல் புற்றுநோய்ச் செல் படங்கள், மூண்டு செனல், பைப்லைனும் (மொடியூல்கள வரிசையாக் கோத்து வச்சது) சேத்தே தாறாங்க. முதல்ல அதில ரெண்டு மூண்டு தரம் பழகிட்டு உங்கட படத்துக்கு வாங்க. பழகுற படத்தில பிழை விட்டா நட்டம் இல்ல.

சரி, இப்ப இமேஜஸ் எண்டத கிளிக் பண்ணுங்க. வலப்பக்கம் ஒரு பெரிய வெள்ளப் பெட்டி வரும், அதுக்குள்ள போல்டர அப்புடியே இழுத்து விடுங்க, ஒவ்வொரு பைலா இழுக்கத் தேவல்ல, உள்ளுக்க இருக்கிற சின்ன போல்டர்களையும் அதுவே திறந்து எடுத்துக்கொள்ளும். பேர்கள் வரிசையா விழும், ஏதாவது ஒரு பேர ரெண்டு தரம் கிளிக் பண்ணினா படம் தனி விண்டோவில திறக்கும். திறந்து பாருங்க, திறக்காத படத்த வச்சுக்கொண்டு அங்கால போகாதீங்க.

அந்தப் பெட்டிக்குக் கீழ ஃபில்டர் இமேஜஸ் எண்டு ஒண்டு இருக்கு, இமேஜஸ் ஒன்லி எண்டு விட்டா படம் இல்லாத குப்பையெல்லாத்தையும் விலத்தி விடும், சுளகில புடைக்கிற மாதிரி. எக்செல் ஷீட், தம்ப்ஸ் டீபீ, குறிப்பு எழுதின வேர்ட் பைல் எல்லாம் அதே போல்டர்ல கிடந்தாலும் பிரச்சின இல்ல. ஆனா ஒரு குப்ப இந்தச் சுளகில தப்பிப் போகும்: ஆப்பிள் கொம்பியூட்டர்ல பூட்டிக் கழட்டின பென் டிரைவ் எண்டா, ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில புள்ளியும் அண்டர்ஸ்கோரும் முன்னால போட்ட ஒரு சின்ன பைல் கிடக்கும், அதுட கடைசித் துண்டும் டிஃப் எண்டுதான் இருக்கும், ஆனா அதுக்குள்ள படம் இல்ல. 40 படம் ஏத்தினா 80 எண்டு காட்டுறது இதாலதான். இத விலத்துறதுக்கு கஸ்டம் எண்டத எடுத்து, பைல் பேர் புள்ளி அண்டர்ஸ்கோர்ல தொடங்கக்கூடாது எண்டு ஒரு ரூல் போடலாம், இல்லாட்டி போல்டர்லயே அழிச்சிட்டு வரலாம். ரூல் போட்டா கீழ இருக்கிற அப்ளை பட்டன அமத்தினாத்தான் வேல செய்யும். விலத்தினத மங்கல் எழுத்தில பாக்கலாம், ஷோ ஃபைல்ஸ் எக்ஸ்க்ளூடட் எண்டதில டிக் இருந்தா. இந்த இடத்தில எண்ணிக்கைய ஒரு கொப்பியில எழுதுங்க, எத்தின படம் இருக்கவேணும், எத்தின இருக்கு எண்டு.

மெட்டாடேட்டா எண்ட சொல்லப் பாத்துப் பயப்படாதீங்க, இது உங்கட பைல் பேர துண்டு துண்டா உடைச்சு, இது ஸ்லைட் இலக்கம், இது இடம், இது செனல் எண்டு சொப்ட்வெயாருக்குச் சொல்லிக் குடுக்கிற வேல, அவ்வளவுதான். ஒரே ஒரு செனல் மட்டும் உள்ள ஆக்கள், வெங்காயப் படம் வச்சிருக்கிற ஆக்கள், இத நோ எண்டு விட்டுட்டுப் போகலாம். ரெண்டு செனல் எண்டாலே யெஸ் போடுங்க.

யெஸ் போட்டா பைல் பேர்ல இருந்து எடுக்கிறதா, போல்டர் பேர்ல இருந்தா எண்டு கேக்கும், பைல் பேர் எண்டு விடுங்க. அதுக்குக் கீழ ஒரு நீளமான பெட்டிக்குள்ள குறியீடு குறியீடா ஒண்டு எழுதிக் கிடக்கும், அத ரெகுலர் எக்ஸ்பிரஷன் எண்டு சொல்ற. பாத்தா எறும்பு ஊர்ந்த மாதிரித்தான் இருக்கும், ஆனா ஒரு துண்டு விளங்கினா மிச்சமும் விளங்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு வளைஞ்ச அடைப்புக்குள்ள இருக்கு, அடைப்பு தொடங்கினதும் கேள்விக்குறி, பெரிய பீ எழுத்து, அதுக்குப் பொறகு கூர் அடைப்புக்குள்ள நீங்க வைக்கிற பேர், ஸ்லைட் எண்டோ எஃப் எண்டோ. அதுக்கு அடுத்தது அந்த இடத்தில என்ன எழுத்து வரலாம் எண்டு சதுர அடைப்புக்குள்ள, பூச்சியத்தில இருந்து 9 வரைக்கும் எண்டா 0, சின்னக் கோடு, 9. எத்தின இலக்கம் எண்டத நெளிஞ்ச அடைப்புக்குள்ள, ரெண்டு எண்டா 2. இடையில வாற அண்டர்ஸ்கோர அப்புடியே எழுதுங்க. பெட்டிக்குப் பக்கத்தில பூதக்கண்ணாடிப் படம் ஒண்டு இருக்கு, அத அமத்தினா ஒரு சின்ன விண்டோ வரும், அதில உங்கட பைல் பேர் ஒண்டப் போட்டுப் பாத்தா எந்தத் துண்டு எதில பொருந்துது எண்டு நிறம் நிறமாக் காட்டும். நான் படிச்சது முழுக்க அந்த விண்டோவில மாத்தி மாத்தி எழுதிப் பாத்துத்தான். நிறம் வராட்டிப் பொருந்தல்ல எண்டு அர்த்தம், கூடுதலா ஒரு அண்டர்ஸ்கோர் விடுபட்டிருக்கும்.

எழுதி முடிஞ்சதும் கீழ அப்டேட் அமத்துங்க. ஒரு அட்டவணை வரும், ஒவ்வொரு படத்துக்கும் நேர ஸ்லைட், இடம், செனல் எண்டு கொலம் கொலமா நிரம்பியிருக்கவேணும். எங்கயாவது காலியாக் கிடந்தா அந்த பைல் பேர்ல எழுத்துப் பிழை, போய்த் திருத்துங்க. மருந்து எவ்வளவு போட்டது, எந்த நாள் எடுத்தது மாதிரி விசயங்கள் பைல் பேர்ல இல்லாட்டி, அத ஒரு சீஎஸ்வீ ஷீட்டா எழுதி இஞ்சயே சேக்கவும் ஏலும், அது பழகின பொறகு பாக்கலாம்.

நேம்ஸ் அண்ட் டைப்ஸ். இதிலதான் நிண்டு நிதானிக்கவேணும்.

ஒரே செனல் எண்டா ஓல் இமேஜஸ் எண்டு விட்டு ஒரு பேர் வச்சாச் சரி. ரெண்டு மூண்டு செனல் எண்டா இமேஜஸ் மெச்சிங் ரூல்ஸ் எண்டத எடுக்கவேணும். முதல் ரூல்: பைல் பேருக்குள்ள நீலம் எண்ட சொல்லு இருந்தா அதுக்கு டீஎன்ஏ எண்டு பேர். மறுகா அட் அனதர் இமேஜ் எண்டத அமத்தி அடுத்தது: பச்சை எண்ட சொல்லு இருந்தா வேற பேர். அந்தப் பேர்ப் பெட்டி இங்கிலீஷ் எழுத்து, இலக்கம், அண்டர்ஸ்கோர் மட்டும்தான் ஏற்கும், இலக்கத்தில தொடங்கவும் ஏலா. பின்னால வாற எல்லா மொடியூலும் இந்தப் பேரச் சொல்லித்தான் படத்தக் கேக்கும், அதால அர்த்தமுள்ள பேரா வையுங்க, படம்1 படம்2 எண்டு வச்சா ரெண்டு மாசத்துக்குப் பொறகு உங்களுக்கே விளங்காது.

இப்ப கீழ இமேஜ் செட் மெச்சிங் எண்டு ஒண்டு கேக்கும், ஓடரா மெட்டாடேட்டாவா எண்டு. ஓடர் எண்டா வரிசைப்படி சோடி சேக்கிறது, நீலத்தில முதலாவது படமும் பச்சையில முதலாவது படமும் ஒரு சோடி, ரெண்டாவதும் ரெண்டாவதும் ஒரு சோடி. லேசா இருக்கும், அதால எல்லாரும் இதத்தான் அமத்துவாங்க, நானும் அப்புடித்தான் அமத்தினன்.

என்ட படங்கள் ஒவ்வொரு செனல்லயும் 40. நீலத்தில 7ஆவது படம் ஃபோகஸ் போயிருந்திச்சு, அத அழிச்சன். பச்சையில 31ஆவதில ஒரு தூசி பெரிசா விழுந்திருந்திச்சு, அதையும் அழிச்சன். ரெண்டிலயும் 39, எண்ணிக்கை சரி, சொப்ட்வெயாரும் ஒண்டும் சொல்லல்ல. ரெண்டு வரிசையில புள்ளயள நிப்பாட்டி கை கோக்கச் சொல்லக்க இந்த வரிசையில ஒரு புள்ளயும் அந்த வரிசையில வேற இடத்தில ஒரு புள்ளயும் வராட்டி என்ன நடக்கும், நடுவில நிக்கிற எல்லாரும் ஆள் மாறிக் கை கோப்பாங்க. அதேதான். 1இல இருந்து 6 வரைக்கும் சரி, 7இல இருந்து 30 வரைக்கும் ஒரு படம் தள்ளி, 31இல இருந்து திரும்பவும் சரி. 39இல 24 சோடி பிழை. நான் வழமையா செய்யிற மாதிரி முதல் மூண்டையும் கடைசி மூண்டையும் திறந்து பாத்தன், எல்லாம் அச்சொட்டாப் பொருந்திச்சு, நடுவில பாக்கல்ல. ஒரு ஸ்லைட்டில இருக்கிற நியூக்கிளியஸுக்குள்ள இன்னொரு இடத்துப் பச்சை வெளிச்சத்த அளந்து, அந்த நம்பர வச்சு கிராஃப் கீறி, மூண்டு கிழமை அதுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தன். அந்த மூண்டு கிழமைய நினைச்சா இப்பவும் கஸ்டமாத்தான் இருக்கு, அதாலதான் ஆர் வந்து கேட்டாலும் இந்த இடத்தில அவங்கட கையப் பிடிச்சு நிப்பாட்டுறன்.

மெட்டாடேட்டா எண்டு அமத்துங்க. அமத்தினதும் ஒவ்வொரு செனலுக்கும் ஒரு கொலம் வரும், அதில ஸ்லைட்டுக்கு நேர ஸ்லைட், பக்கத்தில இருக்கிற கூட்டல் அடையாளத்த அமத்தி அடுத்த வரியில இடத்துக்கு நேர இடம் எண்டு தெரிவு செய்யுங்க. இப்ப பேரப் பாத்துத்தான் சோடி சேக்கும், வரிசை தேவல்ல. அப்டேட் அமத்தினா கீழ சோடிகள் அட்டவணையா வரும், சோடி இல்லாத இடம் காலியாத் தெரியும், அங்க போய் மத்தப் படத்தையும் எடுத்து விடலாம். ஒரு படத்த அழிக்கிறதெண்டா அதுட சோடியையும் சேத்தே அழிக்கிற பழக்கம் இன்னும் நல்லம். அந்த அட்டவணைய மேல இருந்து கீழ வரைக்கும் கண்ணால ஓட்டுங்க, நடுவில நிண்டு பாருங்க.

படத்துட வகைய கேக்கிற இடம் அடுத்தது. ஃப்ளோரசன்ஸ் படம் (ஒளிருற சாயம் போட்டு எடுத்தது), ஒரு செனல் ஒரு பைல் எண்டா கிரேஸ்கேல், அதாவது நிறம் இல்லாத சாம்பல் படம். சாதாரண மைக்ரோஸ்கோப்பில சாயம் போட்டு எடுத்த வெங்காயம், இரத்தப் பூச்சு, இதெல்லாம் கலர் படம், கலர் இமேஜ் எண்டு விடுங்க, ஆனா செல் தேடுற மொடியூலுக்கு கிரேஸ்கேல்தான் வேணும், அதால பைப்லைன்ல முதலாவதா கலர் டு கிரே மொடியூலச் சேத்துக்கொள்ளுங்க. ரெண்டு சாயம் கலந்தது எண்டா அன்மிக்ஸ் கலர்ஸ் எண்டு ஒண்டு இருக்கு, அது சாயத்தப் பிரிச்சுத் தரும். இன்னொரு கவனம், சாதாரண மைக்ரோஸ்கோப்பில பின்னணி வெளிச்சம், செல் கறுப்பு. செல்ப்ரொபைலர் தேடுறது கறுப்புப் பின்னணியில வெளிச்சமா இருக்கிறத. அதால கிரேயாக்கினதும் இமேஜ் மத் மொடியூல்ல இன்வர்ட் எண்டு ஒரு தரம் திருப்பவேணும்.

வெளிச்ச அளவையும் கேக்கும், செட் இன்டென்சிட்டி ரேஞ்ச் எண்டு. செல்ப்ரொபைலர் எல்லாப் படத்தையும் பூச்சியத்தில இருந்து 1 வரைக்கும் எண்டு சுருக்கித்தான் வச்சுக்கொள்ளும், 8 பிட் படம் எண்டா 255ஆல வகுக்கும், 16 பிட் எண்டா 65535ஆல. பிரச்சின எங்க வருது எண்டா கனக்கக் கெமரா 12 பிட், அதுட ஆகக்கூடின அளவு 4095, ஆனா சேவ் பண்ணக்க 16 பிட் பைலுக்குள்ள போட்டுத் தரும். அத 65535ஆல வகுத்தா ஆக வெளிச்சமான செல்லும் 0.0625க்கு மேல வராது. படத்தத் திறந்தா நல்லாத்தான் தெரியும், ஏனெண்டா காட்டுறதுக்காக விண்டோ தானா வெளிச்சத்தக் கூட்டும். அதால கண்ண நம்பாதீங்க, படத்துக்கு மேல மவுஸ வச்சா கீழ இன்டென்சிட்டி எண்டு ஒரு நம்பர் ஓடும், ஆக வெளிச்சமான இடத்தில வச்சு அத வாசிங்க. 0.06இல முட்டிக்கொண்டு நிண்டா உங்கட கெமரா 12 பிட், அப்ப மெனுவல் எண்டு விட்டு 4095 எண்டு எழுதுங்க. எதப் போட்டாலும் எல்லா பட்சுக்கும் ஒண்டே போடுங்க, ஒரு கிழமைப் படத்த ஒரு மாதிரியும் மத்தக் கிழமைய வேற மாதிரியும் வகுத்தா பொறகு ரெண்டையும் ஒப்பிடவே ஏலா.

குரூப்ஸ நோ எண்டு விடுங்க. டைம் லாப்ஸ் எடுத்து செல் நகருறதப் பின்தொடருற ஆக்களுக்கும், பிளேட் பிளேட்டா வெளிச்சம் திருத்துற ஆக்களுக்கும்தான் அது வேணும்.

சில மைக்ரோஸ்கோப் எல்லாச் செனலையும் ஒரே பைலுக்குள்ள அடைச்சுத் தரும், சைஸ் கம்பனிட சீஇசட்ஐ, லைக்காட எல்ஐஎஃப், நிக்கொன்ட என்டீ2 மாதிரி. பயோஃபோர்மட்ஸ் எண்ட பகுதி உள்ளுக்க இருக்கிறதால இதுகளையும் வாசிக்கும், மாத்தத் தேவல்ல. ஆனா மெட்டாடேட்டாவில பைல் பேர் எண்டதுக்குப் பதிலா இமேஜ் ஃபைல் ஹெடர்ஸ் எண்டத எடுத்து எக்ஸ்ட்ராக்ட் மெட்டாடேட்டா பட்டன அமத்தவேணும், அப்பத்தான் உள்ளுக்க எத்தின செனல் இருக்கு எண்டு அதுக்குத் தெரியும். மறுகா நேம்ஸ் அண்ட் டைப்ஸ்ல பைல் பேருக்கு ரூல் போடாம, மெட்டாடேட்டாவில சீ எண்டது 0 எண்டா நீலம், 1 எண்டா பச்சை எண்டு ரூல் போடுங்க. எண்ணுறது பூச்சியத்தில இருந்துதான் தொடங்கும். எந்த நம்பர் எந்தச் செனல் எண்டத ஊகிக்காதீங்க, ஃபிஜி எண்ட படம் பாக்கிற சொப்ட்வெயார் இருந்தா அதில திறந்து பாத்து உறுதிப்படுத்துங்க.

நாலும் முடிஞ்சுதெண்டா ஓட்ட முதல் ஒரு பரிசோதன. கிரே டு கலர் எண்ட மொடியூல தற்காலிகமாச் சேத்து, நீலச் செனல நீலத்துக்கும் பச்சைய பச்சைக்கும் குடுத்து, ஸ்டார்ட் டெஸ்ட் மோட் அமத்தி ஸ்டெப் பண்ணுங்க. ரெண்டும் ஒண்டுக்கு மேல ஒண்டா விழும். நீல நியூக்கிளியஸ் ஒவ்வொண்டும் பச்சைச் செல்லுக்குள்ள, முட்டைக்குள்ள மஞ்சக்கரு மாதிரி இருக்கவேணும். நீலம் ஒரு பக்கம் பச்சை ஒரு பக்கம் எண்டு சிதறிக் கிடந்தா சோடி பிழை, பின்னால போங்க. டெஸ்ட் மெனுவில சூஸ் இமேஜ் செட் எண்டு இருக்கு, அதில நடுவில இருந்து அஞ்சாறு எடுத்துப் பாருங்க, அந்த அஞ்சு நிமிசம் தந்திருந்தா எனக்கு அந்த மூண்டு கிழமையும் மிஞ்சியிருக்கும்.

லெப்டொப் 4 ஜீபி ரம் எண்டா பிரிஃபரன்ஸஸுக்குள்ள போய் வேர்க்கர்ஸ் எண்ணிக்கைய 1 அல்லது 2 ஆக்கி விடுங்க, அது ஒரே நேரத்தில எத்தின படத்த எடுத்துக்கொள்ளும் எண்டது, கூட விட்டா மெமரி காணாமப் போய் நடுவில நிண்டிரும். மாரி மழைக்குள்ள கரண்ட் போற காலம் எண்டா ஒவ்வொரு மாத்தத்துக்கும் சேவ் பண்ணுங்க. சேவ் ப்ரொஜெக்ட் எண்டது படங்கள்ட விலாசத்தையும் சேத்து வைக்கும், அது உங்கட லெப்டொப்புக்கு மட்டும். கூட்டாளிக்கோ சுப்பவைசருக்கோ குடுக்கிறதெண்டா எக்ஸ்போர்ட் பைப்லைன் எண்டு எடுத்து அந்தச் சின்ன பைலையும் பட போல்டரையும் குடுங்க, அவங்க போல்டர இமேஜஸுக்குள்ள இழுத்து விட்டா நீங்க எழுதின ரூல் எல்லாம் அவங்கட படத்திலயும் அப்புடியே பொருந்தும், பைல் பேர ஒழுங்கா வச்சதுட பலன் அப்பதான் தெரியும்.

ஓட்டி முடிஞ்சதும் ரிசல்ட் ஷீட்டுகளில இமேஜ் எண்ட ஷீட்டத் திறங்க, எக்ஸ்போர்ட் டு ஸ்ப்ரெட்ஷீட் மொடியூல் போட்டிருந்தா அது இருக்கும். நூறு கொலம் கிடக்கும், அதுக்குள்ள ஃபைல்நேம் எண்டு தொடங்குறது ஒவ்வொரு செனலுக்கும் ஒண்டு இருக்கும். அத ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சு ஒவ்வொரு வரியா வாசிங்க. நான் என்ட பிழையக் கண்டுபிடிச்சதும் அந்தக் கொலத்திலதான், ஏழாவது வரியில நீலம் எஃப்08 எண்டும் பச்சை எஃப்07 எண்டும் நிண்டிச்சு.